நாகர்கோவிலுக்குன்னு சொல்லிட்டு

ஹலோ... ஆ, பிரஜினு? சொல்லு மோனே... ஆமா, அம்மைதான்... சேந்தாச்சு, மத்தியானமே சேந்தாச்சு... நாகர்கோவில்லதான். ஒனக்க சித்தி வீட்டுலதான் இருக்கோம்... ஆ, ஆ, சரோஜத்துக்கு இப்பம் கொள்ளாம். காய்ச்சல் விட்டுப்போச்சு. கஞ்சி குடிச்சிட்டு இந்தா எனக்குப் பக்கத்துலதான் படுத்திருக்கா... இல்ல, பேச முடியாது மக்கா, தொண்டை கட்டியிருக்கு...

என்னது?

...

சித்தி ஒனக்குப் போன் போட்டாளா?... இப்பமா?... சந்தையில நின்னா?

...

இருக்கேன். லைன்லதான் இருக்கேன். போன வைக்கல்ல.

இல்ல, நாகர்கோவில் போகல்ல... இல்ல மக்கா, பஸ்ஸே ஏறல்ல... இஞ்சதான், திருவனந்தபுரத்துலதான். கொஞ்சம் ஊருக்கு வெளிய. விழிஞ்ஞம் போற பைபாஸ் இருக்கில்லியா, அதுக்க ஓரத்துல ஒரு லாட்ஜு... ஆமா, லாட்ஜுதான். நானும் அப்பாவும் ரூம் எடுத்திருக்கோம்... கத்தாத லே! பக்கத்து ரூமுக்குக் கேக்கும்.

ஆஸ்பத்திரியா? அய்யோ, அதெல்லாம் இல்ல... அப்பாவுக்கு நெஞ்சும் வலிக்கல்ல, ஒண்ணும் வலிக்கல்ல... எனக்கும் இல்ல. எனக்க தலையில அடிச்சு சத்தியம், போதுமா?... பின்ன என்னத்துக்குன்னா... சும்மாதான்... ஆமா, சும்மாதான்! சும்மா ஆராவது லாட்ஜுல வந்து கெடப்பாவளான்னா, நாங்க கெடக்கோம். விடேன்.

ரூம் கொள்ளாம் மக்கா. வெள்ளை விரிப்பு விரிச்சிருக்கான், அதுல இருக்கவே பயமா இருக்கு. அழுக்காயிருமோன்னு நான் நாற்காலியிலதான் இருக்கேன். அப்பாக்கு ஏசிய கொறைக்கத் தெரியல்ல, போய்க் கேக்கவும் மடி, ஒரு கூச்சம், துண்டப் போத்திட்டு வெறைக்காரு... ஆருகிட்டயா? கீழ ஒருத்தன் இருக்கான். ரெண்டு பேருக்க ஆதாரையும் வாங்கி வச்சிட்டு ஏற எறங்கப் பாத்தான். அவன் ஒண்ணுமே கேக்கல்ல, ஒனக்க அப்பா அவராவே, கண்ணு டாக்டரப் பாக்க வந்தோம், கண்ணு டாக்டரப் பாக்க வந்தோம்னு ரெண்டு மட்டம் சொல்லுதாரு. நாணக்கேடு! எனக்கு அப்பிடியே பூமிக்குள்ள போயிரலாம்னு இருந்தது.

இரு, இரு. அது என்ன சத்தம்?... ஆதிராவா? அவ ஏன் அழுவுதா?...

ஏசினியா? என்னன்னு ஏசின?... அவதான் எங்கள வீட்ட விட்டு வெரட்டினான்னா?... எனக்க ஈஸ்வரா! ஆரு சொன்னா ஒனக்கு?... நீயே நெனச்சுக்கிட்டியா? லே, நல்லாக் கேளு. அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை சொல்லல்ல. நம்ம வீட்டுக்கு வந்து மூணு மாசம் ஆச்சு, என்னை எதித்து ஒரு சொல்லு சொன்னவ இல்ல. நான் ஏசினாலும் சிரிப்பா...

பேக்குல துணி எடுத்து வைக்காளா?... வித்துராவுக்கா? அவ அம்மை வீட்டுக்கா?... தடு! பாத்துட்டு நிக்கியே, தடு லே! கையப் பிடி... புருசன்தானே நீ, பிடிச்சா என்ன?...

ஆரு அது, ஆம்பிளச் சத்தம்?... மஹேஷா? ஒனக்க கூட்டாளியா? அவன் அங்க என்ன செய்யுதான்?... மேட்சு பாக்க வந்தானா... நீ விளிச்சியா?... காலையில இருந்தா?... அவன் முன்ன வச்சா அவளை ஏசின?

...

சிரிக்கல்ல. அழவும் இல்ல. எனக்க தலையெழுத்த நெனச்சேன். நாங்க வீட்ட ஒழிஞ்சு குடுத்துட்டு இஞ்ச வந்து லாரி எண்ணிட்டு இருக்கோம், நீ கூட்டாளிய விளிச்சு வச்சு கிரிக்கெட் பாக்கியா? ஒனக்கு மண்டையில என்னதான் இருக்கு?

எதுக்கு ஒழிஞ்சு குடுத்தோமா?... இதுக்கு மேல எப்பிடி லே சொல்ல? பெத்த அம்மை, எனக்க வாயால... மொதல்ல மஹேஷ அனுப்பு. ஆமா, இப்பமே... போயிட்டானா?... படி எறங்கிட்டானா?... சரி.

இரு, அப்பாட்ட குடுக்கேன். இந்தாங்க, மோன் கேக்கான், நீங்களே சொல்லுங்க... ஏங்க... பாத்தியா, பாத்ரூமுக்குள்ள போய்க் கதவ அடைச்சிட்டாரு. தண்ணிய வேற தொறந்து விட்டாச்சு. எல்லாத்துக்கும் நான்தான்.

கேளு. ஒரு தடவதான் சொல்லுவேன், திருப்பிக் கேக்கப்பிடாது.

நம்ம வீடு என்ன அரண்மனையா? பழவங்காடியில கடைக்கு மேல ஒத்த முறி, ஒரே ரூம். நடுவுல எனக்க பழைய சீலை ஒண்ணு தொங்குது. அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நாங்க. ஒனக்க அப்பாக்கு விடிய விடிய இருமல். நான் திரும்பிப் படுத்தா கட்டிலு கீச்சுங்குது. புதுசா கல்யாணம் கழிஞ்ச பிள்ளை ஒங்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்னா மொட்டமாடியில தண்ணி டேங்குக்குப் பின்னால போய் நிக்கா. நான் பாக்காமலா இருக்கேன்?...

போன வாரம் அவ அம்மைட்ட போன்ல பேசினா. மூச்சு முட்டுதும்மா, கொஞ்ச நாளு அங்க வந்து இருக்கேன்னு. நான் அடுப்புப் பக்கம் நின்னு கேட்டேன்... இல்ல மக்கா, கோவம் வரல்ல. வெக்கமாப் போச்சு. கதவு வச்ச ஒரு முறி குடுக்க வக்கில்ல, நமக்கெல்லாம் எதுக்கு ஒரு மருமவளுன்னு... அவ இப்பிடியே போனா திரும்பி வருவாளா? எனக்குத் தோணல்ல. அதான் அப்பாட்ட சொன்னேன், ஒரு நாளு நாம வெளிய போயிருவோம்னு. அவரு ஒரு கேள்வி கேக்கல்ல. சட்டைய மாத்திட்டு எறங்கிட்டாரு.

...

பிரஜினு?... அழுவுதியா லே?...

அழாத. ஆம்பிளப்பிள்ள, அழாத... சரி, சரி... எங்கிட்ட மன்னிப்பெல்லாம் வேண்டாம், அவகிட்ட கேளு.

இஞ்ச வாறியா? வண்டியிலயா? வேண்டாம்... லாட்ஜுல விட்டா ஊர்ல நாலுபேரு என்ன சொல்லுவாவன்னா... சரி சரி, நீ அலையாத. நாங்களே ஆட்டோ பிடிச்சு வந்திருதோம். என்னவோ நெனச்சு வந்தேன், எல்லாம் நாசமாப் போச்சு. அவ மட்டும் போகாம இருந்தா போதும்...

ஆரு?... ஆதிராவா? மக்களே... நீ இவ்வளவும் கேட்டுட்டா இருந்த?... ஸ்பீக்கர்ல போட்டானா? பாவி! பாவி மட்டை!... அய்யோ, ஒனக்க மூஞ்சியில நான் இனி எப்பிடிப் பிள்ளே முழிப்பேன்?... மாமிய ஒண்ணும் நெனைக்காத. புத்தி கெட்டுப்போய்ச் சொல்லிட்டேன்... இந்தா கெளம்பியாச்சு, அரைமணிக்கூர்ல வந்திருவோம். நீ எங்கயும் போகாத மக்களே...

வேண்டாமா?... எது வேண்டாம்?... மெல்லப் பேசுத, கேக்கல்ல பிள்ளே...

ரூமா?... நாளைக்குக் காலம்பற ஒழியணும்னு சொல்லியிருக்கான்... ஏன்?...

...

எங்களுக்கு இன்னும் ஒரு நாளு கிட்டுமான்னா?...

கேக்குதேன் மக்களே. இப்பமே கீழ போய்க் கேக்குதேன்... ஹலோ?... ஆதிரா?...

வச்சிட்டா.