கத்தரிக்கோல் இன்டக்ரேஷன்

தொண்ணூறுகளில் ஒருநாள், கடக்வாஸ்லாவிலிருந்து ஸ்வார்கேட் போகும் பஸ். என் முன்சீட்டில் அக்காவும் தங்கையும். அக்கா ஜூனியர் காலேஜ் கணக்கு டீச்சர். மடியில் விடைத்தாள் கட்டு, கையில் சிவப்புப் பேனா. தங்கைக்கு மாத்திரைக் கம்பெனி லேபில் வேலை. இந்த மராத்தி ஊரில் தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில் உரக்கப் பேசினார்கள்.

“இப்பல்லாம் கிராஃப்ல வர்ற கர்வைக் கத்தரிக்கோலால வெட்டி, தராசுல எடை போட்டுடறோம்க்கா.”

சிவப்புப் பேனா நின்றுவிட்டது.

“எதை எடை போடறீங்க?”

“மாத்திரையில மருந்து எவ்வளவு இருக்குன்னு டெஸ்ட் பண்ணா, பேப்பர்ல மலை மாதிரி ஒரு கோடு விழும். அதுக்குக் கீழ இருக்கற பரப்பை வெச்சுத்தான் மருந்தோட அளவு. பரப்பைக் கணக்குப் போடற மெஷின் கெட்டுப்போய் ரெண்டு மாசமாச்சு.”

“அப்போ இன்டக்ரேட் பண்ணணும்டி! வருஷம் பூரா அதைத்தானே நான் சொல்லிக்குடுக்கறேன்!”

“எந்த ஃபார்முலாவை வெச்சு? அது இஷ்டத்துக்குப் போற கோடு. மலையை வெட்டி, அதே பேப்பர்ல அளவு தெரிஞ்ச ஒரு சதுரமும் வெட்டி, ரெண்டையும் எடை போட்டா பரப்பு தெரிஞ்சுடும். மெஷின் வர்றதுக்கு முன்னாடி எல்லா லேப்லயும் இப்படித்தான்.”

“அடிப்பாவி! அதென்ன கத்தரிக்காயா எடை போட? அந்த மாத்திரையை ஒருத்தர் முழுங்கணுமேடி!”

“நீதான் முழுங்கறே. போன வாரம் பிரஷர் மாத்திரை குடுத்தேனே, அதுக்கு நான்தான் வெட்டினேன்.”

அக்கா கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பிறகு மெதுவாகக் கேட்டாள்:

“ஓரமெல்லாம் ஒழுங்கா வெட்டினியாடி?”