வாரத்துக்குக் கால் இன்ச்

ஒரு சட்டையில் முதலில் நைந்துபோவது காலர்தான். அதைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்துவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் ஓடும். என் வீட்டுக்காரருடைய சட்டைகளுக்கு நான் அப்படித்தான் செய்து வந்தேன். எதையும் கெடுக்கிற ஆள் நான் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போகப்போக உங்களுக்குச் சந்தேகம் வரும்.

எங்கள் வீட்டின் முன்னறைதான் என் தையல் கடை. ஜன்னலோரம் மிஷின், அதற்குப் பக்கத்தில் துணியின் ஓரத்தை வெட்டித் தைக்கிற ஓவர்லாக், ஆணியில் இன்ச் டேப், நூலில் கட்டித் தொங்கும் அளவு நோட்டு. என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார். அடுத்தவர் பிரேக் போட மறக்கும்போது இவர் போடுவார். கோபமே வராத மனுஷர். எங்களுக்கு ஒரே மகள், வயது பதிமூன்று. அவள் வாய்க்குத்தான் பிரேக் கிடையாது.

கல்யாணமான புதிதில் நோட்டின் முதல் பக்கத்தில் அவர் அளவை எழுதினேன். இடுப்பு முப்பத்திரண்டு. பதினான்கு வருஷமாக அந்தப் பக்கத்தை நான் மாற்றவில்லை. உடம்பு மாறியது. உட்கார்ந்தே பார்க்கிற வேலை, மாறத்தான் செய்யும். நான் தைக்கிற எதிலும் உள்பக்கம் ஒன்றரை இன்ச் துணி விட்டுத்தான் தைப்பேன். அவர் கொஞ்சம் பூசினாற்போல் ஆனதும், துவைத்துக் காய்ந்த துணியை எடுத்துச் சத்தமில்லாமல் கால் இன்ச் பிரித்து விட்டு, மடித்து அலமாரியில் வைத்துவிடுவேன். “கல்யாணத்தப்ப இருந்த அதே இடுப்பு, பாத்துக்கோ” என்று கூட வேலை பார்ப்பவர்களிடம் பீற்றிக்கொள்வார். நான் உள்ளே பாத்திரம் கழுவியபடி கேட்டுக்கொண்டிருப்பேன். புருஷன்மேல் இருக்கிற பிரியத்தை ஒவ்வொருத்தி ஒவ்வொரு விதமாகக் காட்டுவாள். எனக்கு வாயால் சொல்ல வராது. ஊசிதான் வரும்.

அவருக்கு நாற்பது பிறந்த மாதம் வினை வந்து சேர்ந்தது. மகள் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். நாற்பதைத் தொட்ட ஆண்கள் தங்கள் அலமாரியை எப்படிப் புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு தாடிக்காரர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பழையதைக் கழித்துவிட வேண்டுமாம். குறைவாக, ஆனால் நல்லதாக வாங்க வேண்டுமாம். தொளதொளவென்று தொங்கும் சட்டை ஒரு மனுஷனுக்குப் பத்து வயதைக் கூட்டிவிடுமாம். அதைச் சொன்னபோது மகள் அப்பாவின் சட்டையைப் பார்த்தாள். அப்பாவும் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். அதைத் தைத்தவளை யாரும் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை இரண்டு பேரும் கடைக்குப் போனார்கள். நாலு பேன்ட், ஆறு சட்டை, கருநீலத்தில் ஒரு கோட், வெள்ளை ஷூ, போட்டாலும் போடாத மாதிரியே இருக்கிற சாக்ஸ் என்று பைகளோடு வந்து இறங்கினார்கள். எல்லாம் ரெடிமேட். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

“முப்பத்திரண்டு கேட்டேன். தொடையோட நின்னுடுச்சு. கடைசில முப்பத்தாறுதான் ஏறிச்சு. இத்தனை வருஷமா என்னை நல்லா ஏமாத்தியிருக்கே.”

சொல்லிவிட்டு என் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினார். கோபப்பட்டிருந்தால்கூட நான் பேசாமல் இருந்திருப்பேன். பதினான்கு வருஷத்து வேலையை ஒரு சிரிப்பில் முடித்துவிட்டாரே என்றுதான் இருந்தது.

நான் தைத்த சட்டைகள் பதினொன்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனவருக்கு அதைக் கொடுக்க டிரைவிங் ஸ்கூலுக்குப் போனபோது, பயிற்சி வண்டியின் கண்ணாடியை என்னுடைய பழுப்புக் கட்டம் போட்ட சட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கை தனியாக, முதுகு தனியாகக் கிழித்திருந்தார்கள். “நீ எடுக்கிற துணியே துணி. தண்ணியை என்னமா உறிஞ்சுது” என்று என் வீட்டுக்காரர் மனதாரப் பாராட்டினார். நான் டப்பாவைக் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் புதுச் சட்டைகளில் அவர் நன்றாக இருந்தார். ஆலிவ் பச்சையில் ஒன்று இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு என்னோடு மருந்துக்கடைக்கு வந்தார். மருந்துக்கடை அம்மாள் என்னைப் பார்த்து, “ஊர்லேருந்து தம்பி வந்திருக்காரா?” என்று கேட்டாள். அவளுக்குக் கிட்டப்பார்வை என்று எல்லோருக்கும் தெரியும். நான் அவரைவிட மூன்று வயது சின்னவள் என்பதை இங்கே சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இதற்கும் நான் செய்ததற்கும் சம்பந்தமும் இல்லை.

முதல் கால் இன்ச்சை ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்குப் பிடித்துத் தைத்தேன். அவர் வேலைக்குப் போயிருந்தார், மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ஆலிவ் பச்சைச் சட்டையை உள்பக்கம் திருப்பி, இரண்டு விலாவிலும் சாக்பீஸால் கோடு போட்டு, அதே நிற நூலில் தைத்து, மிச்சத்தை ஓவர்லாக்கில் வெட்டித் தள்ளினேன். ரெடிமேட் துணியில் ஒரு சங்கடம் உண்டு. உள்ளே தையலுக்கு விட்டிருக்கும் துணி விரல் நகத்தின் அகலம்கூட இருக்காது. பிடித்தால் பிடித்ததுதான், திரும்பப் பிரித்து விட முடியாது. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். ஒரு மனுஷன் தன் வயதை மறந்துவிட்டுத் திரிந்தால், ஊர் சிரிப்பதற்கு முன்னால் வீட்டில் இருப்பவள்தானே ஞாபகப்படுத்த வேண்டும்.

ஒவ்வொரு துணியும் துவைக்கப் போகும்போது கால் இன்ச். அதற்கு மேல் ஆசைப்படவில்லை. ஒரு மாதத்தில் பட்டன்களுக்கு நடுவே பனியன் எட்டிப்பார்த்தது. அவர் காரில் உட்காரும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, இறங்கிய பிறகுதான் விட்டார். கண்ணாடி முன்னால் நின்று பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ‘சரி, நீயே தைச்சுக் கொடு’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே துணி வெட்டியிருப்பேன். கேட்கவில்லை.

மகள்தான் ஒருநாள் பேன்ட்டை உள்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அம்மா, கடைல வாங்கினதுல எப்படி நம்ம மிஷின் தையல் இருக்கு?”

“அளவு சரியில்ல. சரி பண்ணேன்.”

“சரி பண்ணா பெருசால்ல ஆகணும்? இது சின்னதா ஆயிருக்கே.”

“உனக்குப் பரீட்சை எப்போ?” என்று கேட்டேன். அவள் போய்விட்டாள்.

அந்த வாரத்திலிருந்து அவர் இரவுச் சாப்பாட்டை நிறுத்தினார். அது எனக்குக் கொஞ்சம் இடித்தது. அவர் புதுத் துணியை விட்டுவிடுவார் என்று நான் பார்த்தால், அவர் சாப்பாட்டை விட்டார். காலையில் ஒரு அவித்த முட்டை, மத்தியானம் வெள்ளரிக்காய், சாயங்காலம் வெறும் டீ. விடிந்ததும் எழுந்து நடக்கப் போனார். நான் வழக்கம்போல் சமைத்தேன். அவர் பங்கை வீணாக்க மனம் வராமல் நானே சாப்பிட்டேன். என் துணிகளில் உள்ளே விட்ட துணி தாராளமாக இருந்ததால் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

இரண்டு மாதத்தில் அவர் இளைத்துவிட்டார். பேன்ட் பொருந்திவிட்டது. சொல்லப்போனால் முன்பைவிட எடுப்பாக இருந்தது. டிரைவிங் ஸ்கூலில் சேர வருகிறவர்களெல்லாம் இவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்களாம். இப்படி ஆனால் நான் என்னதான் செய்வது? மறுபடியும் பிடித்தேன். அவர் மறுபடியும் இளைத்தார். அவர் ஒரு பக்கம் ஓட, நான் ஒரு பக்கம் தைக்க, வீட்டில் சண்டை சச்சரவு எதுவும் இல்லை. அந்த மாதங்களைப் போல அமைதியாக நாங்கள் என்றும் இருந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆணியிலிருந்து டேப்பை எடுத்துத் தன் இடுப்பைத் தானே அளந்தார். அது ரொம்பப் பழைய டேப். முனை நைந்துபோனதால் முதல் இன்ச்சை எப்போதோ வெட்டி எறிந்துவிட்டேன். ஒன்றிலிருந்துதான் ஆரம்பிக்கும். நான் அளந்தால் ஒன்றைக் கழித்துத்தான் எழுதுவேன். அவருக்கு அது தெரியாது. “முப்பத்திரண்டு” என்றார். முப்பத்திரண்டு ஆகியும் பேன்ட் இறுக்குகிறதே என்று முகம் வாடியது. அவருடைய இடுப்பு முப்பத்தொன்று. கல்யாணத்தன்று இருந்ததைவிடக் கம்மி. நான் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். பொய் எதுவும் சொல்லவில்லை. அவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஐந்தாவது மாதம், ஒரு வியாழக்கிழமை காலை, ஓய்வு பெற்ற தபால்கார அம்மாள் ஒருவருக்கு வண்டியை ஓரங்கட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் மயங்கிச் சாய்ந்துவிட்டார். வண்டி நாலு தெரு கூடுகிற இடத்தில் போய்க்கொண்டிருந்தது. எதிரில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் பிரேக் போட ஆள் இல்லை. மூன்று மாதமாக ஒருநாளும் ஒழுங்காக நிறுத்தாத அந்த அம்மாள், அன்றைக்கு மட்டும் ஒரு விரல் இடைவெளியில் ஓரங்கட்டிவிட்டு, இறங்கிப் போய் ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறார். இரண்டு உயிர் அந்த ஒரு விரலில் தப்பியது. டாக்டரும் மயிரிழையில் தப்பினார் என்றுதான் சொன்னார். உடம்பில் சத்தே இல்லை, இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டிருந்தால் இதயம் தாங்கியிருக்காது என்றார். இவர் ஏன் சாப்பிடுவதில்லை என்று கேட்டார். நாற்பது வயது ஆயிடுச்சுல்ல டாக்டர் என்றேன்.

பேன்ட்டை அவிழ்க்க முடியாமல் நர்ஸ் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தாள். வெட்டிய துண்டுகளை ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்தாள். என் தையல் ஒன்றுகூட விடவில்லை.

ஆஸ்பத்திரி அங்கியில் அவர் படுத்திருந்தார். யாருக்கும் பொருந்துகிற மாதிரி, யாருக்குமே பொருந்தாத அங்கி அது. கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு தெரிந்தன. உண்மையாகச் சொல்கிறேன், இவர் போய்விட்டால் நான் யாருக்குத் தைப்பேன் என்று பயந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர்தான் முதலில் பேசினார்.

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்குத் தெரியும். நீ பிடிச்சுத் தைக்கிறேன்னு பாப்பா அன்னிக்கே வந்து சொல்லிட்டா.”

மகளின் வாயைப் பற்றி நான்தான் மறந்துவிட்டிருந்தேன்.

“கடைல முப்பத்தாறு ஏறினப்பவே எனக்கு வெக்கமா போச்சு” என்றார். “பதினாலு வருஷமா நான் குண்டாகுறதைப் பாத்துட்டு, என் மனசு நோகக் கூடாதுன்னு பிரிச்சு பிரிச்சு விட்டிருக்கே. நான் அதைப் போய்ச் சிரிச்சுட்டேன். அப்புறம் நீ பிடிக்க ஆரம்பிச்சதும் புரிஞ்சுக்கிட்டேன். இளைங்கன்னு சொல்றே. நீ எதையுமே வாயால சொல்ல மாட்டியே, தையல்லதானே சொல்லுவே. ஊரே நல்லாயிருக்குன்னு சொல்லுது. நீ மட்டும் நல்லாயிருக்குன்னு சொல்லல. நீ சொல்ற வரைக்கும் விடக்கூடாதுன்னு இருந்தேன்.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மணிக்கட்டு என் இரண்டு விரலுக்குள் அடங்கியது.

“ஆனா இதுக்கு மேல என்னால முடியலம்மா” என்றார். “இன்னும் எவ்வளவு இளைச்சா உனக்குப் பிடிக்கும்னு இந்த ஒரு தடவை வாயால சொல்லிடேன்.”

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். போதும் என்று சொல்லியிருக்கலாம். போதும் என்றால் திங்கட்கிழமையே எழுந்து, இந்த இளைத்த உடம்போடு கடைக்குப் போய் முப்பதில் நாலு பேன்ட் வாங்கி வருவார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், நான் பிரித்து விட்ட பதினான்கு வருஷத்தையும் அவர் சந்தேகப்படுவார். அவ்வளவு அன்பாக நினைத்துக்கொண்டிருக்கிறவரை நோகடிக்க எனக்கு மனம் வரவில்லை.

“இன்னும் அரை இன்ச்” என்றேன். ஒரு இன்ச் என்றுதான் வாய் வரைக்கும் வந்தது. பாவம், மனசு கேட்கவில்லை.