முட்டி தேய்ந்த ஹீரோ

"பறக்கறதுல ஒரு பிரச்சனையும் இல்லடி. எறங்கும்போதுதான் அவனுக்கு முட்டி தாங்கல."

திருக்கனூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் காலை பஸ். எனக்கு முன்சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒருத்தி மடியில் படம் வரையும் நோட்டு. பழைய காமிக்ஸ் ஹீரோ நாற்பது வருஷம் கழித்து எப்படி இருப்பான் என்று வரைய வேண்டுமாம். கல்லூரியில் போட்டி, பதினோரு மணிக்குள் கொடுத்தாக வேண்டும்.

"அதுக்குன்னு நட்ட வயல்லயா எறக்குவ? எங்கப்பா பாத்தா, ஹீரோவாவது ஒண்ணாவது, வெளுத்துடுவாரு."

"ஆமால்ல. இரு, நாத்தை அழிச்சுடறேன். சேறடிச்சு வச்ச வயல்னு வச்சுக்கலாம். மெத்துனு இருக்கும், முட்டிக்கு ஒண்ணும் ஆவாது."

"கெழவனுக்கு எவன்டி பிரைஸ் குடுப்பான்?"

"குடுப்பாங்க பாரு. பறக்கறவனை எல்லாரும் வரைவாங்க. எறங்கறவனை நான் மட்டும்தான் வரையறேன்."

சாப்பாட்டுத் தூக்கோடு பக்கத்தில் நின்றிருந்த அம்மாள் குனிந்து படத்தைப் பார்த்தார்.

"எறங்கிட்டான், சரி. முட்டி போனவன் சேத்துலேர்ந்து எப்படி பாப்பா ஏறுவான்?"

வரைகிறவள் ஹீரோவைச் சுற்றி நாலு உருவம் கிறுக்கினாள்.

"நடவுக்கு வந்தவங்க நாலு பேரு கை குடுத்து தூக்கறாங்கக்கா."

"தூக்குவோம், அதுக்கென்ன. மொதல்ல அவன் முதுகுல தொங்கற துணியை எடுத்துடு, சேத்துல இழுக்கும். எங்களுக்கு பொடவை மேல முழுக்கை சட்டை போட்டு வரை. அதான் எங்க டிரஸ்."