திறந்து கிடந்த பக்கம்

ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைக்கும்போது கீபோர்டில் மட்டும் ஒரு சொட்டும் விழக் கூடாது. விருத்தாசலத்தில் பாதிப் பேருக்கு இது தெரியாது. பூஜை முடிந்த மறுநாள், ஒரு எழுத்தை அழுத்தினால் நாலு எழுத்து வருகிறது என்று என் கடை வாசலில் வந்து நிற்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே துடைத்துக் கொடுப்பேன். பாலக்கரையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் தேவநாதனைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள், சார். எழுதுகிறேன்.

சாமிதுரை ஐயாவின் செராமிக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை முழுக்க நான்தான் பார்த்தேன். அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கட்டை எல்லாம் வேகும் அந்தப் பெரிய கேஸ் சூளையின் சூட்டை ஆபீஸில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் பார்க்க ஒரு வெப் பக்கம் செய்து கொடுத்திருந்தேன். வட்டமான மீட்டர், சிவப்பு முள், சூடு ஏற ஏறப் பின்னால் தீ நெளியும். பிரவுசரோடு பிளக்-இன் என்ற தனி புரோகிராம் ஒன்றைச் சேர்த்துப் போட்டால்தான் அது ஓடும். பார்க்க வந்த வியாபாரிகள் வாயைப் பிளந்தார்கள். இனி உலகத்தில் எல்லாப் பக்கமும் இப்படித்தான் வரப்போகிறது என்று அவர்களிடம் சொன்னேன். இன்றும் அதைத்தான் சொல்கிறேன்.

ஆவணியில் ஒருநாள் அந்தப் பிளக்-இன் தனக்குப் புதிய பதிப்பு வேண்டும் என்று கேட்டது. அது வரும்வரை திரையில் வெறும் சாம்பல் கட்டம்தான். கம்பெனியில் அன்று நெட் இல்லை, நானோ வேப்பூரில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தேன். சூளை எவ்வளவு சூட்டில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாமல் சரக்கெல்லாம் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டது. ஒரே ஒரு நாள், அவ்வளவுதான். அதற்குள் ஐயாவின் தம்பி மகள் இளமதி உள்ளே புகுந்துவிட்டாள்.

இளமதி என் சென்டரில் டைப்பிங் கற்ற பெண். இன்ஜினியரிங் முடித்துவிட்டு வந்திருந்தாள். ஒரே மத்தியானத்தில் வேறு பக்கம் எழுதிவிட்டாள். வெள்ளைத் திரை, நடுவில் ஒரு எண். எந்தப் பிரவுசரிலும் திறக்கும், எதையும் சேர்த்துப் போட வேண்டியதில்லை.

"அண்ணே, இது எல்லாருக்கும் பொதுவான விதியில எழுதுனது. நாளைக்கு நான் இல்லாட்டியும் யாராவது தொறந்து பாத்து சரி பண்ணிக்கலாம். இன்னும் கொஞ்ச வருஷத்துல உங்க முள்ளு, தீ எல்லாத்தையும் பிரவுசரே செஞ்சிடும். பிளக்-இன்ன கேக்க ஆளே இருக்காது பாருங்க."

"தொறந்து கெடந்தா எவன் வேணும்னாலும் கை வப்பாம்மா," என்றேன். "நம்மளுது பூட்டுன பொட்டி. உள்ள ஒருத்தனும் போவ முடியாது."

அவள் சிரித்தாள். கேலியாக இல்லை, பிரியமாகத்தான். எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

நல்லமுத்துவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூளைக் கதவு அவர் பொறுப்பு. நல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவார். முந்திரிக் காலத்தில் எனக்கென்று ஒரு பை பழம் கொண்டுவருவார். தங்கமான மனுஷன். புதுப் பக்கத்தைப் பார்த்ததும், நான் பக்கத்தில் நிற்பதைக்கூட யோசிக்காமல், "இப்பத்தாங்க கண்ணுக்கு நல்லா தெரியுது. முன்ன அந்த முள்ளு எங்க நிக்கிதுன்னே புரியாது" என்றார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எல்லாச் செராமிக் கம்பெனியிலும் அவசரம்தான். உள்ளே சரக்கை வைத்துக்கொண்டு சூளைக்குப் பூஜை போட மாட்டார்கள். காலி செய்து, கூட்டித் துடைத்து, கதவுக்குச் சந்தனம் வைத்து, மாவிலை கட்ட வேண்டும். சூளையை அணைத்துவிட்டு, சூடு இருநூறு டிகிரிக்குக் கீழே இறங்கியதும் திறப்பார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைக்க நான் மத்தியானமே போய்விட்டேன். இளமதி பொரி, பழம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். நல்லமுத்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"எவ்ளோ காட்டுதுங்க?"

"நூத்தி எம்பது."

"அப்பிடிங்களா? கதவாண்ட போனா அனலா அடிக்குதுங்களே."

"பக்கம் சொல்லுதுங்க. இளமதி எழுதுனதாச்சே, தப்பா இருக்குமா?"

"அதுவும் சரிதாங்க. வூட்டுலயும் பூச வேல கெடக்குது," என்று சொல்லி, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார்.

திரையில் இருந்ததைத்தான் படித்தேன், சார். பொய் சொல்லும் பழக்கம் என்னிடம் கிடையாது.

அந்த எண் சரியா என்றால், சரியில்லை. சூளைக்குள் அப்போது ஐந்நூற்று எண்பது இருந்தது. உண்மையான சூட்டில் நானூறைக் கழித்துக் காட்டு என்று அவள் எழுதிய பக்கத்துக்குள் ஒரு வரி சேர்த்திருந்தேன். வைத்த சந்தனம் காய்வதற்குள் முடிந்த வேலை. என் எண்ணமெல்லாம் சரக்கின் மேல்தான். அத்தனை சூட்டில் கதவைத் திறந்தால் வெளிக்காற்று பட்டு அகலெல்லாம் வெடிக்கும், ஐயாவும் பழைய மீட்டரைத் திரும்பக் கேட்பார். கதவை ஒரு ஆள்தானே திறக்க வேண்டும், அது தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். அது நல்லமுத்து என்பதும் தெரியும். அந்த நேரத்தில் அது முக்கியமாகப் படவில்லை. அலறல் கேட்டபோது மானிட்டருக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தேன். கோணாமல் வைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

உடம்பெல்லாம் வெந்துபோன நல்லமுத்துவைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை. வண்டியில் போகும்போதும், "பாப்பா மேல தப்பு இல்லீங்க, நாந்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். நல்லூரில் பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

ஊர் முழுக்க இளமதியைத்தான் பேசியது. பெரியப்பாவான ஐயாவே அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. நீங்களும் அவளை ஸ்டேஷனில் உட்கார வைத்தீர்கள். "என் கணக்குலதாண்ணே தப்பு, நான் கொன்னுட்டேன்" என்று என்னிடம்தான் அழுதாள். டீ வாங்கிக் கொடுத்து, "வுடும்மா, தப்பு எல்லாருக்கும் வரும்" என்று தேற்றினேன். நீங்கள் ஆபீஸைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டதால் அந்த வரியை அழிக்க வழியில்லாமல் போயிற்று. நேற்று உங்கள் முன்னால் அவள் பக்கத்தைத் திறந்தாள். பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டாள். கெட்டிக்காரப் பெண், என் சென்டரில் படித்தவள்.

ஆமாம், அந்த வரியை எழுதியது நான்தான். ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள், சார். திறந்து கிடந்தால் எவன் வேண்டுமானாலும் கை வைப்பான் என்று நான் அன்றைக்கே சொன்னேன். அவள் கேட்டிருந்தால் நல்லமுத்து இன்று உயிரோடு இருந்திருப்பார்.