கோர்லாண்ட் பிரோம், பழுப்பு நிறம்

அந்த வெள்ளிக்கிழமை மீன் நன்றாக வெந்திருந்தது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கோவிலின் அடித்தள மண்டபத்தில் பொரித்த பெர்ச் மீனும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸ் சாலடும் போடுவார்கள். பெரும்பாலும் மேலே மாவு கருகி, உள்ளே பச்சையாக இருக்கும். அன்று அப்படியில்லை. என் மகள் லோரெய்னுக்கு இரண்டு துண்டுகளை அலுமினியத் தாளில் மடித்து வாங்கிக்கொண்டேன். வாசலில் நின்று, ஏரியில் பனிக்கட்டி எப்போது உடையும் என்று பாதிரியாரோடு கொஞ்சம் பேசினேன். பிறகு நடந்தே வீட்டுக்குக் கிளம்பினேன்.

நீங்கள் கேட்டது காரைப் பற்றி. எழுபத்தாறாம் வருடத்துக் கோர்லாண்ட் கார்களில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று உங்கள் சங்கம் தேடுவதாகச் சொன்னீர்கள். எங்கள் ஊரில் விற்ற பழுப்பு நிறக் கார் என்ன ஆனது என்று கேட்டீர்கள். தெரிந்தது எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்றும் சொன்னீர்கள். இதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அதனால் சொல்கிறேன்.

அந்தக் காரைத் தயாரித்த கம்பெனியில்தான் நான் வேலை பார்த்தேன். புகைச் சோதனைப் பிரிவு. உருளைகளின் மேல் காரை நிறுத்தி ஓட்டுவோம். பின்னால் வரும் புகையைப் பைகளில் பிடித்து, அதில் என்னென்ன வாயு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். கருப்பாக வருவது பெரிய ஆபத்தில்லை. நிறமும் மணமும் இல்லாமல் வருவதுதான் ஆபத்து. அந்த அறையில் வேலை பார்ப்பவன் முதல் வாரத்திலேயே அதைத் தெரிந்துகொள்வான். புதிதாக வந்தவர்களுக்கு அதை நான்தான் சொல்லிக்கொடுப்பேன்.

கோர்லாண்ட் எனக்கு அருவருப்பூட்டிய கார். பானெட்டுக்குள் பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சின். அதற்குப் பத்து வருடங்களுக்கு முன் அதே எஞ்சின் தந்த வலுவில் பாதிகூட அதில் இல்லை. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்ததும் அதன் கழுத்தை நெரித்தார்கள். காற்று பம்பு, ரப்பர் குழாய்கள், வால்வுகள் என்று எதையெதையோ கட்டித் தொங்கவிட்டார்கள். நோயாளியின் படுக்கையைச் சுற்றித் தொங்கும் குழாய்களைப் போல இருக்கும். ஒழுங்காகப் புதிய எஞ்சின் ஒன்றைச் செய்திருக்கலாம். அதற்குப் பதிலாகப் பெயர்களைச் செய்தார்கள். வெறும் கோர்லாண்ட், கோர்லாண்ட் கஸ்டம், கோர்லாண்ட் பிரோம். பக்கவாட்டில் மரம்போல் ஸ்டிக்கர் ஒட்டிய வேகன். பின் ஜன்னலை முட்டை வடிவில் சுருக்கிய இரண்டு கதவுக் கார். அதே தகரத்துக்கு வேறு முகப்பு மாட்டி இன்னொரு பெயரில் இன்னொரு ஷோரூமில் விற்றார்கள். பிரோம் என்றால் கூரையில் தோல் மாதிரி வினைல், இருக்கையில் வெல்வெட் மாதிரி நைலான். எல்லாமே ஏதோ ஒன்றின் மாதிரி. வினைலுக்கு அடியில் ஈரம் தங்கி, இரண்டாம் குளிர்காலத்திலேயே கூரை துருப்பிடித்துக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். தொட்டால் விரலுக்கடியில் நொறுங்கும்.

என் மருமகன் டேல் ஹட்சின்ஸ் இந்தப் பெயர்களை விற்றுப் பிழைத்தவன். அவனுக்கு வாசனைத் தைலம் அதிகம். கையைக் கொடுத்தால் விடமாட்டான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும்போது முதலில் என்னை வெளியே இழுத்துப்போய்க் காரைக் காட்டுவான். அவன் ஓட்டிவந்தது டெமோ கார். விற்பனையாளர்களுக்கு ஷோரூம் ஓட்டக் கொடுக்கும் கார் அது. யாராவது வாங்க வந்தால் அதையே விற்றுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்வார்கள்.

"இது சும்மா கோர்லாண்ட் இல்ல பெரியவரே, பிரோம். கதவத் தட்டிப் பாருங்க, சத்தமே வேற."

"தட்டினேன். அட்ட."

"அப்பாவுக்கு எது பிடிச்சிருக்கு டேல்?" என்றாள் லோரெய்ன் வாசலில் இருந்து. "நம்ம கல்யாணத்துல கேக்குக்கு உப்புப் போதலன்னவர் இவர்."

"சரி, அவரு ஓட்ட வேண்டாம். நீ உக்காந்தாவது பாரு."

"ஓட்டத்தான் விடமாட்டீங்களே. பொண்டாட்டி டெமோவத் தொட்டா உங்க முதலாளிக்கு நெஞ்சு வலிக்கும்."

அது உண்மை. அந்த ஷோரூமில் விற்பனையாளனைத் தவிர வேறு யாரும் டெமோவை ஓட்டக் கூடாது. இன்ஷூரன்ஸ் அப்படி. டேல் அந்த ஒரு விதியை மட்டும் மீறாமல் இருந்தான். லோரெய்ன் தன் பழைய துருப்பிடித்த வேகனைத்தான் ஓட்டினாள். இதை நான் நன்றாக யோசித்துப் பார்த்திருந்தேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது தாய் இறந்துபோனாள். அதன்பிறகு அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். கல்யாணம் ஆனபிறகும் நான்கு தெரு தள்ளித்தான் இருந்தாள். தினமும் ஒரு முறை வந்துவிட்டுப் போவாள். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில், ஈஸ்டருக்குப் பிறகு அரிசோனாவுக்குக் குடிபோவதாகச் சொன்னார்கள். அங்கே ஒரு நண்பனின் ஷோரூமில் டேலுக்கு மேனேஜர் வேலை.

"அங்க துருங்கிறதே கிடையாது பெரியவரே. பத்து வருஷத்து வண்டி புதுசு மாதிரி நிக்குமாம்."

"வண்டி நிக்கும். மனுஷன்?"

"மனுஷனும் நல்லாக் காஞ்சு நிப்பான். நீங்களும் வாங்க, கொடியில போட்டுக் காய வைக்கிறோம்."

லோரெய்ன் சிரித்தாள். அவள் அந்தச் சிரிப்பை அவனிடமிருந்துதான் கற்றிருந்தாள். என் வீட்டில் அப்படி யாரும் சிரித்ததில்லை. நான் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். கோபம் இல்லை. சாப்பாட்டில் முடி கிடந்தால் வருமே, அந்த உணர்ச்சிதான்.

மார்ச்சில் ஒரு புதன்கிழமை அவனே என் கராஜுக்கு வந்தான். பழுப்பு நிற பிரோம், அவனுடைய அப்போதைய டெமோ.

"பெரியவரே, அடியில இருக்கிற அந்த டப்பாவக் கழட்டிட்டு நேர்க்குழாய் போட்டுக் குடுங்க. பாவம், வண்டி கொஞ்சம் மூச்சு விடட்டும்."

அந்த நாட்களில் எல்லாரும் இதைச் செய்தார்கள். கன்வர்ட்டர் என்று ஒரு பெட்டி, புகையைச் சுத்தமாக்குவதற்கு. அதை எடுத்துவிட்டால் எஞ்சின் பழைய வலுவோடு ஓடும், மலிவான ஈயப் பெட்ரோல் போடலாம் என்று பேச்சு. ஈயப் பெட்ரோல் குழாய் நுழையாதபடி பெட்ரோல் வாயைக்கூடச் சிறிதாக்கி வைத்திருப்பார்கள். அதை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பெரிதாக்கிக்கொள்வார்கள். மெக்கானிக் கடையில் செய்தால் அபராதம். அதனால் மாமனார், மச்சான், சித்தப்பா என்று யாராவது சொந்த கராஜில் செய்துகொடுப்பார்கள். பதிலுக்கு ஒரு பெட்டி பீர் வரும்.

"ஷோரூம் வண்டியிலயா?" என்றேன்.

"ஏன்னு மட்டும் கேக்காதீங்க" என்று கண்ணடித்தான்.

நான் கேட்கவில்லை. முதலாளியின் காரையே நோண்டுகிறவன், நாளை இதை ஒன்றும் தெரியாத எவன் தலையிலோ கட்டுவான் என்று நினைத்தேன். அவனைப் பற்றி அப்படி நினைப்பதற்கு எனக்கு நேரமே பிடிக்கவில்லை.

பெட்டியைக் கழற்றினேன். நேர்க்குழாயை மாட்டினேன். ஒரு இணைப்பை இறுக்க வேண்டிய அளவுக்கு இறுக்கவில்லை. ஓட்டுபவனின் காலடியில், கம்பளத்துக்குக் கீழே தரை ஓட்டையை அடைத்திருந்த ஒரு ரப்பர் அடைப்பானை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான். அவனுக்குத் தலைவலி வர வேண்டும் என்றுதான் நினைத்தேன். தலைவலி, வாந்தி, கொஞ்சம் மயக்கம். சனிக்கிழமை அவன் டொலீடோவில் நடக்கும் கார் ஏலத்துக்குத் தனியாக ஓட்டிப்போவதாக இருந்தான். நெடுஞ்சாலையில் உடம்பு சரியில்லாமல் போனால் மருத்துவமனையில் கொஞ்ச நாள் கிடப்பான். அரிசோனா வேலை வேறு யாருக்காவது போகும். இதைத்தான் நினைத்தேன் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன்.

வியாழக்கிழமை போன் செய்தான். "வண்டி பறக்குது பெரியவரே. எனக்குத்தான் தலை கனமா இருக்கு, சளி பிடிக்கும்போல."

"குளிர்தான். ஜன்னலத் திறக்காத. ஹீட்டர நல்லாப் போட்டுக்க" என்றேன்.

"நீங்க என்மேல அக்கறை காட்டினா எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தான்.

வெள்ளிக்கிழமை கோவிலிலிருந்து திரும்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. லேசாகப் பனி பெய்தது. என் வீட்டு முற்றத்தில் பழுப்பு நிற பிரோம் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிகள் எல்லாம் உள்ளிருந்து வியர்த்து வெளுத்திருந்தன. வண்டியின் பின்புறமாகச் சுற்றித்தான் பக்கவாசலுக்குப் போக வேண்டும். தொழில் பழக்கம், அந்த இடத்தைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே வந்தேன். மீனை அடுப்புக்குள் சூடாக வைத்தேன். கையைக் கழுவினேன். சமையலறை ஜன்னலிலிருந்து கார் தெரியும். வெளுத்த கண்ணாடிக்குப் பின்னால், ஓட்டுபவர் இடத்தில் ஒரு தலை நிழலாக, இருக்கையில் சாய்ந்திருந்தது. ரேடியோவில் ஹாக்கி கேட்கிறான் என்று நினைத்தேன். பிறகு, அப்படி இல்லை என்று தெரிந்தது. இந்த மாதிரி சாய்ந்த தலையைப் பற்றித்தான் நான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன்: உடனே ஓடு, கதவைத் திற, வெளியே இழு. ஜன்னலில் இருந்து அந்தக் கதவுக்குப் பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். திரையை மூடினேன். செய்தித்தாளில் ஒரு பக்கம் முழுவதையும் படித்தேன். அதற்குப்பின் போன் அடித்தது.

"என்ன பெரியவரே, எப்படி இருக்கு?"

டேலின் குரல். பின்னால் ஷோரூமில் யாரோ சிரிக்கும் சத்தம்.

"அவ மூஞ்சியப் பாத்தீங்களா? இன்னைக்கு மத்தியானம் அந்த வண்டிய அவ பேர்லயே வாங்கிட்டேன். சாவியக் குடுத்ததுதான் தாமதம், அப்பாகிட்டதான் முதல்ல காட்டணும்னு ஓடிட்டா. நீங்க வந்து கதவத் திறக்கிறவரைக்கும் உள்ளயே உக்காந்திருப்பாளாம். அந்த டப்பாவ ஏன் எடுக்கச் சொன்னேன்னு இப்பப் புரியுதா? அரிசோனா போய்ச் சேர்ற வரைக்கும் மேட்டுல திணறாம ஏறணுமில்ல? அன்னைக்கு நீங்க ஒரு தடவ ஏன்னு கேட்டிருந்தா உளறியிருப்பேன். ஹலோ? பெரியவரே?"

அவள் புது நீலக் கோட்டைப் போட்டிருந்தாள். முடியைத் தொப்பிக்குள் செருகியிருந்தாள். அதனால்தான் ஜன்னலிலிருந்து எனக்குத் தெரியவில்லை. கன்னம் சிவந்து, நன்றாகத் தூங்கி எழப் போகிறவளைப் போல இருந்தாள். அந்த வாயு நிறத்தை அப்படி மாற்றும். நைலான் இருக்கையில் அவள் வாந்தியெடுத்திருந்தாள். நான் துடைக்க முயன்றேன். அந்தத் துணி எதையும் உறிஞ்சாது.

போலீஸ்காரர்கள் வந்தார்கள். யார் கன்வர்ட்டரைக் கழற்றியது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் டேல், தன் வீட்டுக் கராஜில் தானே கழற்றியதாகவும் குழாய் மாட்டத் தெரியாமல் மாட்டிவிட்டதாகவும் சொன்னான். என்மேல் பழி வரக் கூடாது, மகளை இழந்த மனிதனை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று பிறகு விளக்கினான். அந்த நேரத்திலும் அவன் நாக்கில் பொய் எவ்வளவு சரளமாக வந்தது என்பதை நான் கவனித்தேன். ரப்பர் அடைப்பானைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்தக் கம்பெனிக் கார்களில், புதிதிலேயே, ஓர் அடைப்பான் விட்டுப்போயிருப்பது யாருக்கும் வியப்பில்லை.

கார் போலீஸ் கொட்டகையில் ஒரு கோடைகாலம் கிடந்தது. பிறகு பழைய இரும்புக் கடைக்குப் போய் நசுக்கப்பட்டது. ஆகவே உங்கள் சங்கம் அதைத் தேட வேண்டியதில்லை. வினைல் கூரையும் முட்டை வடிவ ஜன்னலும் உள்ள இரண்டு கதவு பிரோம். லோரெய்னுக்கு அந்த ஜன்னல் பிடிக்கும் என்று டேல் சொன்னான். எனக்கு அது தெரியாது.

உள்ளே இருந்தது என் மகள் என்று தெரிந்திருந்தால் நான் ஓடியிருப்பேன். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. உள்ளே இருந்தது டேல் என்று நினைத்தேன், அதனால் உட்கார்ந்திருந்தேன். இதையும் தயக்கமில்லாமல் சொல்கிறேன். தலைவலிக்காக மட்டும் என்று மேலே சொன்னேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம்.

டேல் அரிசோனாவுக்குப் போகவில்லை. மறுமணமும் செய்துகொள்ளவில்லை. கார் விற்பதை விட்டுவிட்டு ஒரு மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான். முடி நரைத்துவிட்டது. இப்போது வாசனைத் தைலம் போடுவதில்லை, ஆனாலும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குக் குமட்டும். பனி பெய்தால் வந்து என் முற்றத்தை வாரிவிட்டுப் போகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, காபியைத் தொடாமல் வைத்துக்கொண்டு, அந்தப் பெட்டியைக் கழற்றச் சொன்னது தான்தானே, அவளைக் கொன்றது தான்தானே என்று கேட்பான்.

நான் உன்னை எப்போதோ மன்னித்துவிட்டேன் என்று சொல்வேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வான்.