துணைக்கு வந்தவளுக்குச் சர்க்கரை

பாகூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் அக்கா, தங்கை. அக்கா சீட்டை நிறைத்திருந்தாள். ஒல்லியான தங்கை ஜன்னலோரம் ஒடுங்கியிருந்தாள்.

“உன் தொப்பைக்கு ஒரு கும்பிடு போடணும்க்கா,” என்றாள் தங்கை.

“இன்னாடி ஒளர்ற?”

“அதுக்கு பயந்துதான நீ சுகர் டெஸ்டுக்குப் போன? நான் துணைக்கு வந்தவ. நீ சாப்புடலன்னு நானும் சாப்புடல. வெறும் வயிறுன்னதும் நர்சம்மா எனக்கும் ரத்தம் எடுத்தாங்க. உனக்கு ஒண்ணுமில்ல, எனக்கு இருக்குது.”

“அப்பாவுக்கு இருந்ததுதானடி. நான் வயல்ல குனிஞ்சி நிமிர்றேன். நீ நாள்பூரா தையல் மிஷின்ல ஒக்காந்திருக்க.”

“ஆரம்பத்துலயே தெரிஞ்சிச்சே, போதும்க்கா.”

நிறுத்தம் வந்தது. அக்கா எழுந்து வழிவிட்டாள்.

“நாளையிலருந்து காலைல நடக்கறோம்.”

“உனக்கு எதுக்குக்கா?”

“துணைக்குத்தான்.”