ஓடிக்கொண்டிருந்த வாட்ச்

வைண்டர் வாங்கப்போகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியின் பளபளப்பைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள், இன்ஸ்பெக்டர் சார். பார்க்க வேண்டியது வேறு. ஆட்டோமேட்டிக் வாட்ச்சுக்கு பேட்டரி கிடையாது. கை அசைய அசைய உள்ளே ஒரு சின்ன எடை சுற்றி ஸ்பிரிங்கை முறுக்கும். வாட்ச்சைக் கட்டாத நாட்களில் கைக்குப் பதிலாக அதைச் சுற்றிக்கொடுக்கும் பெட்டிதான் வைண்டர். கொஞ்ச நேரம் சுற்றும், கொஞ்ச நேரம் ஓய்வெடுக்கும். எவ்வளவு சுற்ற வேண்டும், எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதை நாமே வைத்துக்கொள்ள முடிகிற பெட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். ஏனென்றால் சில வாட்ச்சுகளில் ஒரு பக்கம் சுற்றினால்தான் முறுக்கு ஏறும். மறுபக்கம் சுற்றுவது வெட்டி வேலை.

வேதசிரோமணி சாரின் வாட்ச் அந்த ரகம்தான். அதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே நான் வெறுக்க ஆரம்பித்துவிட்டேன்.

என் மகள் மிருதுளா நுழைவுத் தேர்வு எழுதப் போன மையத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். சானடோரியம் ஸ்டேஷன் பக்கம், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் அவளை ஸ்கூட்டரில் இறக்கிவிட்டு, நான் செம்பாக்கத்தில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். மையத்தில் கேட்டை மூடிவிட்டார்கள். நடந்ததைக் காவலாளி சவுரிமுத்து பிற்பாடு என்னிடம் சொன்னார். "எங்கப்பா வாட்ச்ல இன்னும் டைம் இருக்கு சார், ப்ளீஸ் சார்" என்று குழந்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அவர் தன் கையைத் தூக்கிக் காட்டி, "உங்கப்பா வாட்ச் எனக்கு எதுக்கும்மா? டைம்னா டைம்தான்" என்றாராம். அழுதுகொண்டே திரும்பி வந்தவள் தண்டவாளத்தில் வலது பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இன்று டாக்டராகியிருப்பாள்.

அவர் ஓய்வு பெற்று வீட்டோடு ஆகும்வரை பொறுத்திருந்தேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய வாட்ச் விற்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். "நல்ல வாட்ச் வெச்சிருக்கீங்க சார்" என்றேன். அவ்வளவுதான், உருகிவிட்டார். அனந்தகிருஷ்ணன் என்று என் பெயரைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. என் குழந்தையை அவர் மறந்துகூடப் போகவில்லை, முதலில் நினைவில் வைத்திருந்தால்தானே மறப்பதற்கு. அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அந்த வாட்ச்சைக் கட்டுவதாகச் சொன்னார். அதிகாலை ஆராதனைக்கு, ஒரு எக்ஸ்பிரஸ் வருவதற்குச் சற்று முன்னால், தண்டவாளத்தைத் தாண்டித்தான் போவார். காது மந்தம். நான் கவலைப்பட்டதும் சிரித்தார். "அந்த எக்ஸ்பிரஸ் லேட்டா வரும் சார், சீக்கிரம் வராது. வாட்ச்சப் பாத்துட்டுதான் காலே வெப்பேன். எனக்கு இதான் காது." போனில் நேரம் பார்க்கமாட்டார். சுவர்க் கடிகாரத்தைக்கூட இந்த வாட்ச்சைப் பார்த்துத்தான் திருப்பி வைப்பார்.

அவருடைய பிறந்தநாளுக்கு வைண்டர் வாங்கிக் கொடுத்தேன். கடை கடையாக அலைந்து தேர்ந்தெடுத்தது. இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுற்றும்படி வைத்தேன், பாதிச் சுற்று வீணாகட்டும் என்று. மீதிப் பாதியையும் குறைத்துக்கொண்டே வந்தேன். அடியோடு நின்றுபோன வாட்ச் உதவாது, சார். அதை யார் பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். முறுக்கு போதாத வாட்ச், வைண்டர் ஓய்வெடுக்கும்போது சற்று நிற்கும். பெட்டி மறுபடி சுற்றினால் ஒன்றும் நடக்காதது மாதிரி, நின்ற நிமிடங்கள் பின்தங்கி ஓடும். எப்போது எடுத்துப் பார்த்தாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். யாருக்குச் சந்தேகம் வரும்?

சனிக்கிழமைதோறும் போய்ப் பெட்டியைத் துடைத்துக் கொடுப்பேன். வாட்ச் ரொம்பவும் பின்தங்கியிருந்தால் கொஞ்சம் முன்னே தள்ளி, தேவையான தாமதத்தை மட்டும் விட்டுவைப்பேன். அவருடைய மனைவி தபீதாளம்மா காப்பி கொடுப்பார். "உங்கள மாதிரி யாருண்ணா இவ்ளோ அக்கறையா பாத்துக்குவாங்க?" என்பார். நல்ல காப்பி.

ஞாயிறுகள் சும்மா போய்க்கொண்டிருந்தன. எக்ஸ்பிரஸ் தாமதமாக வந்தது, இவர் தாண்டிவிட்டார். ஒரு வேடிக்கை கேளுங்கள். ஆலய மணியை முன்கூட்டியே அடிக்கிறார்கள் என்று கமிட்டியில் புகார் கொடுத்திருக்கிறார். வாட்ச்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. எனக்கு அவசரமும் இல்லை.

அந்த வருஷம் போகி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. பனியோடு டயர் புகையும் சேர்ந்து எதிரில் நிற்கும் ஆள் தெரியவில்லை. எக்ஸ்பிரஸ் அன்று சரியான நேரத்துக்கு வந்தது.

துக்கம் கேட்கப் போயிருந்தேன். "நீங்க குடுத்த பெட்டி வெறுமனே சுத்திகிட்டே இருக்குண்ணா, எப்படி நிறுத்தறதுன்னு தெரியல" என்று தபீதாளம்மா அழுதார். நிறுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கையில் இருந்த வாட்ச்சுக்குக் கீறல்கூட இல்லை, ஆனால் உங்கள் போனைவிடச் சில நிமிடம் பின்னால் ஓடியது என்றீர்கள். அதைக் கவனித்து என் வீட்டுக் கதவைத் தட்டியதற்குப் பாராட்டத்தான் வேண்டும். விபத்து இல்லை, சார். கொல்லத்தான் செய்தேன். நேரம் நேரம் என்று என் குழந்தையைத் துரத்தியவனை நேரத்தாலேயே தீர்த்தேன். இன்னொரு முறை கிடைத்தாலும் இதையேதான் செய்வேன்.

மிருதுளா அன்று ஏன் தாமதமாகப் போனாள் என்று கேட்கிறீர்கள். அவள் தாமதமாகவே போகவில்லை. பட்டு, என் மனைவி, "நாழியாச்சு, கெளம்புங்கோ" என்று அடுக்களையிலிருந்து கத்திக்கொண்டேதான் இருந்தாள். உள்ளே இருக்கும் கடிகாரம் எப்போதும் வேகமாக ஓடும் என்று சொல்லிவிட்டு, குழந்தையை உட்கார்த்தி இன்னொரு தோசை சாப்பிட வைத்தேன். என் வாட்ச்சைப் பார்த்துத்தான் சொன்னேன், அதுவும் ஆட்டோமேட்டிக்தான். அந்த வாரம் முழுக்க எனக்குக் கடும் ஜுரம், கையைக்கூட அசைக்காமல் படுக்கையில் கிடந்தேன். அப்போதும் வாட்ச்சைக் கழற்றவில்லை. காலையில் எழுந்து பார்த்தபோதும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது, சார்.